ரிவர்ஸில் வருகிற ஆறு

வடபேட்டையில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது, அதற்கு முன்னால் போக ஐந்து கியரும் பின்னால் போக ஒன்றும் இருந்தன, அதை ஓட்டிய சுகிர்தாவுக்கு எப்போதும் கழுத்து வலி இருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சொல்வார்கள், அதற்குப் பிறகுதான், சொல்ல விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்வதுபோல, அந்தக் காருக்குள் ஆறு வரும் என்பதையும் சொல்வார்கள்.

சுகிர்தாவின் புருஷன் குவைத்தில் வேறொருவர் காரை ஓட்டப் போய்விட்ட பிறகு, வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த சொந்தக் காரை அவள் ஓட்டத் தொடங்கினாள். காலையில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களை ஏற்றிப்போய் விடுவாள், சாயங்காலம் தோல் வாசனையும் பசை வாசனையுமாக அவர்களை நெருக்கி உட்காரவைத்துத் திரும்ப அழைத்துவருவாள், நடுவில் ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு என்று எது கூப்பிட்டாலும் போவாள். அந்தப் பெண்களில் அவள் தங்கை கிருபாவும் ஒருத்தி. காலையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும் வண்டி சாயங்காலம் வாய் திறக்காது. பாலத்தின் மேல் போகும்போது மட்டும் யாராவது ஒருத்தி கண்ணைத் திறந்து, கீழே மணலாகவே கிடக்கும் ஆற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி பக்கத்திலிருப்பவளின் தோளில் சாய்ந்துகொள்வாள்.

தொந்தரவு கியர் ராடின் உச்சியில் இருந்த உருண்டையில் ஆரம்பித்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் கறுப்பு உருண்டையின் உள்மரை தேய்ந்துபோய், தொட்டால் சுற்றியது, சுற்றினால் அதன் தலையில் பொறித்திருந்த கியர் படமும் கூடவே சுற்றியது, ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் நான்கு வந்து நின்றது, ரிவர்ஸ் என்கிற எழுத்து சுகிர்தாவின் மடியைப் பார்த்தது. அவள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றிப் பார்த்தாள், சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே திணித்துப் பார்த்தாள், கிருபாவின் நகப் பாலீஷைக்கூட ஊற்றிக் காயவைத்துப் பார்த்தாள், எல்லாமே இரண்டொரு நாள் பிடித்துவிட்டுப் பிறகு விட்டுக்கொடுத்தன. கடைசியில் ஒரு மத்தியானம் பாலத்தின் நடுவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கும்போது அது மொத்தமாகக் கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. கொய்யாப்பழம்போல அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டியவள், கோபம்கூட இல்லாமல், வெறும் அலுப்பில், ஜன்னல் வழியாக அதை ஆற்று மணலில் எறிந்தாள்.

பழைய இரும்புக் கடை அன்வர் பாய் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதிலிருந்து வேறொன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"பாய், என் வண்டிக்கு அஞ்சு கியர்தான். இதுல ஆறு வரைக்கும் போட்டிருக்கு."

"இருந்துட்டுப் போவட்டும். சட்டையில பட்டன் இருக்குதுன்னா கழுத்து வரைக்குமா போட்டுக்கறாங்கோ?"

"அதுக்கில்ல பாய். என்னுதுல ரிவர்ஸ் இருக்கற எடத்துல இதுல ஆறு இருக்கு."

"ரிவர்ஸ்னு நெனச்சுக்கோயேம்மா. வண்டிக்கு எழுதப் படிக்கவா தெரியும்?"

அங்கேதான் பாய் தப்புக்கணக்குப் போட்டார்.

புதிய உருண்டை மரையில் நன்றாகவே ஏறியது, ஆனால் இறுகி நிற்கும் இடத்தில் படம் கோணலாக நின்றது, படத்தை நேராக வைத்தால் உருண்டை ஆடியது. கொஞ்ச நாள் அவள் கோணலாகவே ஓட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடு, சைக்கிள் கடையில் வாங்கிய ஒரு செக் நட்டை முதலில் ராடில் ஏற்றி, அதன்மேல் உருண்டையைத் திருகி, படம் அச்சு அசலாக நேரே வந்ததும் அங்கேயே நட்டை மேலே கொண்டுவந்து ஸ்பேனரால் இறுக்கினாள். இப்போது உருண்டை அசையவில்லை, ஒன்று ஒன்றின் இடத்தில் இருந்தது, இரண்டு இரண்டின் இடத்தில் இருந்தது. ரிவர்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு இருந்தது.

அவர்கள் வீடு இருந்தது முட்டுச் சந்தில். சாயங்காலம் நேராக உள்ளே வருகிற கார் காலையில் பின்னாலேயேதான் வெளியே போகமுடியும். திங்கட்கிழமை காலை முன்சீட்டில் கிருபா, பின்சீட்டில் சந்தின் மற்ற பெண்கள் என்று எல்லோரும் ஏறியான பிறகு, சுகிர்தா கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே, கிளட்சை அழுத்தி, ராடை வலப்பக்கம் தள்ளிக் கீழே இழுத்தாள். கார் பின்னால் நகர்ந்தது. நகர்ந்த அதே நேரத்தில் காலடியில் தண்ணீர் வந்தது. பைப்புத் தண்ணீரின் மருந்து வாசனை இல்லாத, மணல் வாசனை அடிக்கிற, தெளிந்த, சில்லென்ற ஆற்றுத் தண்ணீர், ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெதுவாக ஓடிக்கொண்டு, கணுக்கால் வரை ஏறி நின்றது.

"சோத்துப் பைய மேல தூக்குங்கமே," என்றாள் அஞ்சலாட்சி. எல்லோரும் தூக்கிக்கொண்டார்கள்.

சந்து முனையில் முதல் கியருக்கு மாற்றியதும் தண்ணீர் கதவிடுக்குகள் வழியே வழிந்து போய்விட்டது. சுகிர்தா வண்டியை நிறுத்தி, நனைந்த மிதியடிகளைப் பிழிந்து கூரைமேல் காயப்போட்டாள், அவளுக்கு அந்த வேலை அதிகமானதில் எரிச்சல்.

பின்சீட்டிலிருந்து ஷமீம் எட்டிப் பார்த்தாள். "மேல இன்னா எழுதியிருக்குக்கா?"

"ஆறு."

"ஆறுல போட்டா ஆறு வராம பின்ன இன்னா வரும்? ஏரியா வரும்?"

"அப்ப அஞ்சுல போட்டா?" என்றாள் அஞ்சலாட்சி.

"அஞ்சணும்," என்றாள் கிருபா. "அதான் எங்கக்கா அஞ்சுல போடறதே இல்ல."

சிரித்து முடித்ததும் அந்த விஷயத்தில் கேட்பதற்கு இருந்தது தீர்ந்துவிட்டது. தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறதோ என்று ஆற்று மணலில் யாரோ போய்த் தோண்டிப் பார்த்தார்கள், எப்போதும்போல மணல்தான் வந்தது. அந்த உருண்டை இருந்த பழைய வண்டி ஏதாவது வெள்ளத்தில் போயிருக்கும் என்று அன்வர் பாயின் கடையில் ஒருநாள் பேசிக்கொண்டார்கள், மறுநாள் வேறு பேசினார்கள்.

அந்தத் தண்ணீரில் கால் வைத்தவருக்கு உடம்பிலும் மனசிலும் சூடாக இருப்பது எதுவோ அது ஆறிப்போகும் என்பது தெரிய இன்னும் கொஞ்சம் நாளானது. நாளெல்லாம் நின்று வேலை செய்யும் ஷமீமின் பாத எரிச்சல் முதலில் ஆறியது. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஏறிய அஞ்சலாட்சி சந்து முனை வருவதற்குள் எதற்குச் சண்டை என்பதை மறந்துவிட்டாள். பிளாஸ்கில் இருந்த டீயும் ஆறிப்போனது, கல்யாண மண்டபத்துக்கு டேக்சாவோடு ஏற்றிப்போன பிரியாணியும் ஆறிப்போனது, சமையல்காரர் சுகிர்தாவைத் திட்டினார், திட்டிக்கொண்டே, இன்னும் தண்ணீர் வடியாத காருக்குள் கால் வைத்தவர் பாதித் திட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். பிறகு ஊர் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது: காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பாகச் சுவருக்காகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பியை இரண்டு பக்கமும் ஏற்றி நடுவில் அவர்கள் அத்தையை உட்காரவைத்தார்கள், மகனைப் பறிகொடுத்த தாயை நாலு பேர் தாங்கிக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தார்கள், ஸ்டேஷனுக்கு அடிதடி என்று வருகிறவர்களை ஏட்டையாவே "மொதல்ல சுகிர்தா வண்டியில ஒரு சுத்து போய்ட்டு வா, அப்புறம் எழுதிக்கலாம்" என்று அனுப்பினார். கார் ரிவர்ஸில் மட்டுமே போகவேண்டியிருந்ததால், தபால் ஆபீஸிலிருந்து மசூதி முனை வரைக்கும் மத்தியானத்தில் சாலையை விட்டுக்கொடுத்தார்கள், தள்ளுவண்டிக்காரர்கள் ஓரம் கட்டினார்கள், பாஸ்டரும் ஹஜ்ரத்தும் தங்களுக்கு ஒன்றும் ஆட்சேபனை இல்லை, தொழுகை நேரத்தில் மட்டும் ஹார்ன் அடிக்கவேண்டாம் என்றார்கள். கார் போன வழியெல்லாம் தண்ணீர் ஒழுகி, தார்ச் சாலையின் ஓரத்தில் நீளமாக ஒரு கோடு புல் முளைத்தது, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆடுகள் காரின் பின்னாலும் முன்னாலும் வந்தன.

ஆறாதது சுகிர்தாவுக்கு மட்டும்தான். அவள் காலும் அதே தண்ணீரில்தான் நனைந்தது, ஆனால் ஈரக் கால் கிளட்சில் வழுக்காமல், பின்னால் வருகிற ஆட்டை இடிக்காமல், தலையைத் திருப்பியபடியே ஓட்டுவதில் அவள் மனசு முழுக்கப் போய்விடுவதால் தண்ணீருக்கு அவளிடம் வேலை செய்ய நேரம் கிடைக்கவில்லை. அழுதுகொண்டு ஏறியவர்கள் தூக்கம் தெளிந்தவர்கள்போல இறங்கிப் போக, அவள் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்தவர்களை ஏற்றினாள்.

அந்தக் கோடையில் வேலங்காட்டுத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நகராட்சி ஆபீஸுக்குப் புறப்பட்டார்கள். மாதக்கணக்காக அவர்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. சுகிர்தாவின் காரில் சத்தமாகப் போனார்கள், ஆபீஸ் வாசலில் ஒரு தண்ணீர் லாரி வழியை அடைத்து நின்றதால் கார் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னாலேயே உள்ளே போகவேண்டியிருந்தது, கொஞ்ச நேரத்தில் அவர்கள் யாரோ கொடுத்த எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"இன்னா மே, போன காரியம் இன்னா ஆச்சு?" என்று சுகிர்தா கேட்டாள்.

"இன்னா காரியம்?" என்றாள் ஒருத்தி, நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு. குடங்கள் டிக்கியில் உருண்டுகொண்டே வந்தன.

நகராட்சி ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் இதைத் தன் மச்சானிடம் சொன்னார். அந்த மச்சான் ஷூ கம்பெனியில் எச்.ஆர்., பெயர் கோதண்டம், எதையும் கேட்டால் மறக்காத மனுஷன்.

பிறகு கிருபாவின் கை மெஷினில் போனது.

சோல் அழுத்துகிற அந்த மெஷினுக்கு ஒரு மூடி உண்டு, மூடி இறங்கினால்தான் தட்டு இறங்கும், கை உள்ளே இருந்தால் மூடி இறங்காது. அதை ஒவ்வொரு ஜோடிக்கும் ஏற்றி இறக்குவதில் ஒரு மூச்சு நேரம் வீணாகிறது என்று கழற்றி மூலையில் சாத்திவைத்திருந்தார்கள். கிருபாவின் வலது கை விரல்கள் நசுங்கின. மறுநாள் கோதண்டம் கேட்டுக்கு வந்து மைக்கைப் பிடித்து, நடந்ததற்கு வருத்தப்படுவதாகவும், அந்தப் பெண்ணின் கவனக்குறைவுதான் காரணம் என்றும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் மைக்கை வைத்த இடத்திலேயே பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மூடியைத் திரும்பப் போடவேண்டும், சொன்ன வாயாலேயே அவள்மேல் தப்பில்லை என்று சொல்லவேண்டும். வேறொன்றும் அவர்கள் கேட்கவில்லை. கேட்டுக்கு எதிரே ஒரு புங்கமரம் இருந்தது, அதன் நிழல் காலையில் கொஞ்சம் பேருக்கும் மத்தியானம் இன்னும் கொஞ்சம் பேருக்கும் போதுமானதாக இருந்தது, மற்றவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள், சுகிர்தா கிருபாவோடு வீட்டிலேயே இருந்ததால் நடந்தே வந்தார்கள், நடந்தே போனார்கள், நாட்கள் போய்க்கொண்டேயிருந்தன.

வீட்டில் கிருபா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "மூடி இல்லக்கா, மூடி இல்ல," என்று தூக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள், விழித்தால் வலியில் பல்லைக் கடித்தாள். ஊருக்கெல்லாம் ஓட்டியவள் தங்கைக்கு ஓட்டாமல் இருப்பாளா? சுகிர்தா ஒரு காலையில் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, சந்திலிருந்து மசூதி முனை வரை, அங்கிருந்து பாலம் வரை, கழுத்து விட்டுப்போகிற அளவுக்குப் பின்னாலேயே ஓட்டினாள். பாலத்துக்கு வரும்போது கிருபாவின் முகம் தெளிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்த்த நர்ஸ் தையல் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றாள். அன்று மத்தியானம் கிருபா இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள், கேட்டு வாங்கி இன்னொரு முறையும் சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"என் கவனக்குறைவாத்தான் இருக்கும்க்கா. நான்தான் எங்கியோ பாத்துட்டிருந்திருப்பேன். எதுக்கு அவங்கள்லாம் பாவம் வெயில்ல உக்காந்துனு இருக்காங்க?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சுகிர்தாவின் கை நின்றது. தங்கையின் முகத்தில் பொய் இல்லை, பயம் இல்லை, கழுவிய தட்டுபோல அது சுத்தமாக இருந்தது; அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. அன்றைக்கே அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ச் செக் நட்டைத் தளர்த்தி, உருண்டையைக் கால் திருகு திருகி, ஆறு என்கிற எழுத்தைத் தன் சீட்டின் பக்கம் பார்க்கவைத்தாள். கார் ரிவர்ஸில் போனது, தண்ணீர் வரவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் வண்டி ரிப்பேர் என்றாள்.

இரண்டொரு நாளில் கிருபாவின் வலி திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "மூடி சுவரோரமா இருந்துச்சுக்கா. அதுமேல யாரோட துப்பட்டாவோ காயப் போட்டிருந்தாங்க. நான் அதப் பாத்துனேதான் கைய உள்ள வச்சேன்," என்றாள். சுகிர்தா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிருபா கேட்டாள்:

"அன்னிக்கி நான் வேற மாதிரி சொன்னேன் இல்ல?"

"சொன்ன."

"அப்ப எனக்கு அது நெசமாத்தான் தெரிஞ்சுது."

கோதண்டம் வீட்டுக்கே வந்தார், பழக்கூடையோடு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கிருபாவின் கையைப் பார்த்து உச்சுக்கொட்டி, சுகிர்தாவிடம் தணிந்த குரலில் பேசினார். முதலாளி பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார், நாளைக்கே வைத்துக்கொள்ளலாம், பெண்களின் சார்பில் பேசுகிறவர்களை அவளே தன் காரில் அழைத்து வரட்டும்.

"கேட்டாண்டயிருந்து ஆபீஸ் வரைக்கும் பொம்பளைங்க வெயில்ல நடக்க வேணாம். உள்ள லோடு லாரி நிக்குது, திருப்ப எடம் இருக்காது. அதனால நீங்க ரிவர்ஸ்லியே வந்துடுங்க."

"வண்டி ரிப்பேர் சார்."

"நேர் பண்ணிடலாமேம்மா. எங்க ஃபிட்டர் ஒருத்தன அனுப்பட்டா?" என்றார் கோதண்டம். அவர் குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது.

"வேணாம் சார், எனக்கே தெரியும்," என்றாள் சுகிர்தா.

புங்கமரத்தடியில் அவள் இதைச் சொன்னபோது பெண்கள் எல்லோருக்கும் உடனே புரிந்தது. புரிந்த பிறகுதான் சங்கடம் வந்தது.

"போடட்டுமே," என்றாள் ஷமீம். அவள் உதடு வெடித்திருந்தது. "பேசி முடிச்ச மாதிரியே ஆயிடும். எங்கூட்டுக்காரு மொகத்தக் குடுத்துப் பேசறதில்ல. என்னால முடியலக்கா. எரியறத எத்தினி நாளு சுமக்கறது?"

"சுமக்காம எறக்கி வச்சா மூடி தானா வந்து மெஷின்ல ஒக்காந்துக்குமா?" என்றாள் அஞ்சலாட்சி.

"நீ பேசுவ. ஒன் மாமியா சோறு ஆக்கிப் போடுது."

"ஆக்கிப் போடுது, கூடவே ஆக்கிப் போடறதையும் சொல்லிக்காட்டுது!"

யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள், சண்டை போடுவதற்கும் தெம்பு இல்லாமல் பேச்சு அங்கங்கே அறுந்து நின்றது. கடைசியில் எல்லோரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். வண்டி அவளுடையது, உருண்டையைத் திருகுகிற கை அவளுடையது, அவளே முடிவு செய்யட்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆறாதவள் அவள் ஒருத்திதான், ஆறுவது எப்படி இருக்கும் என்றே தெரியாதவள் அது வேண்டாம் என்று மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை காரைச் சந்து முனைக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு அவள் உருண்டையைத் திருகி நேராக வைத்தாள், ஆனால் நட்டை இறுக்கவில்லை. ஆறு ஆறின் இடத்திலேயே நின்றது, ஒரு விரல் பட்டால் விலகிவிடும், விரல் படாவிட்டால் நிற்கும். ஸ்பேனரைச் சீட்டின் அடியில் போட்டுவிட்டுப் போய்க் கைகழுவினாள்.

கிருபா தானும் வருவதாகச் சொல்லி, யார் தடுத்தும் கேட்காமல், முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னால் ஷமீம், அஞ்சலாட்சி, இன்னும் இரண்டு பெண்கள். உருண்டையைத் தொடாமல் ராடைப் பிடித்தே கியர் மாற்றிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு எதிரே வந்த சுகிர்தா காரைத் திருப்பி, பின்பக்கம் கேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, நியூட்ரலில் வைத்தாள். பின் கண்ணாடியில் நீளமான முற்றமும், அதன் கோடியில் ஆபீஸ் படியும் தெரிந்தன, படியில் கோதண்டம் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, ஈரக் கால் துடைத்துக்கொள்வதற்கு வெள்ளைத் துண்டுகளை மடித்து அடுக்கிவைத்திருந்தார்.

"துண்டெல்லாம் வச்சிருக்கான் பாரு," என்றாள் அஞ்சலாட்சி.

வெயில் கூரை வழியாக இறங்கியது. வாட்ச்மேன் கையை ஆட்டி, வா வா என்றார். சுகிர்தா கிளட்சை அழுத்தினாள், உருண்டைமேல் கையை வைத்தாள், ஆனால் இழுக்கவில்லை. ஷமீம் பின்னாலிருந்து, அழுகிறாளா பேசுகிறாளா என்று தெரியாத குரலில், "போடுக்கா, போட்டுடு," என்றாள்.

கிருபா அப்போது தன் வலது கையை மடியிலிருந்து எடுத்தாள். கியர் அவளுக்கு வலப்பக்கம்தான் இருந்தது, இடது கையைக் கொண்டுவர உடம்பைத் திருப்பவேண்டும், அவள் திருப்பவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளை அக்காவின் கைக்கும் உருண்டைக்கும் நடுவில் நுழைத்தாள். சுகிர்தா கையை எடுத்துக்கொண்டாள். கிருபா உருண்டையைப் பிடித்துத் திருகினாள். அது தளர்வாகத்தான் இருந்தது, ஒரு குழந்தைகூடத் திருகியிருக்கும், ஆனாலும் அந்தக் கைக்கு அதுவே அதிகம். விரல்களிலிருந்து தோள் வரை வலி ஏறி, அவள் வாயிலிருந்து கிளம்பிய சத்தத்தில் வாட்ச்மேனின் ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஆறு சுகிர்தாவின் சீட்டைப் பார்த்துத் திரும்பியது. பின்சீட்டில் ஷமீம் முன்னால் சாய்ந்து, கிருபாவின் தோளைப் பின்னாலிருந்தே கட்டிக்கொண்டாள்.

"சரி," என்றாள் ஷமீம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சரி, போலாம்."

கார் பின்னாலேயே முற்றத்தைக் கடந்து போய்ப் படியருகில் நின்றது. கதவுகள் திறந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழவில்லை. புழுதி படிந்த, வெடித்த, காய்ந்த பாதங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கி, துண்டுகளைத் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் படியேறின. கோதண்டம் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு காரின் தரையை எட்டிப் பார்த்தார், பிறகு சுகிர்தாவைப் பார்த்தார்.

"ரிப்பேர் சார்," என்றாள் சுகிர்தா.

உள்ளே குரல்கள் உயர்ந்தன, தாழ்ந்தன, மறுபடி உயர்ந்தன. சுகிர்தா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். லாரியில் அட்டைப்பெட்டிகள் ஏறி முடிந்தன, லாரி போனது, நிழல் முற்றத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது. பொழுது சாயும்போது ஃபிட்டர் ஒருவர் எதையோ தோளில் சுமந்துகொண்டு மெஷின் ஹாலுக்குள் போனார், இரும்புத் தகடும் கம்பிவலையுமாக இருந்த அதன் ஓரத்தில் ஒரு பச்சைத் துப்பட்டா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.

பெண்கள் திரும்பி வந்தபோது யாருடைய முகத்திலும் ஜெயித்த களை இல்லை. மூடி போடச் சம்மதித்துவிட்டார்கள். கவனக்குறைவு என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கோதண்டம் சம்மதிக்கவில்லை, முதலாளியைக் கேட்கவேண்டும், யோசிக்கவேண்டும், நாளைக்கு மறுபடி பேசலாம் என்றார். அஞ்சலாட்சிக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. ஷமீம் ஏறியதும் செருப்பைக் கழற்றி, கொப்புளம் கண்ட பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் இதே நேரமாக்கா?" என்று கேட்டாள்.

"இதே நேரம்தான்."

கிருபா முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கட்டின் ஓரத்தில் புதிதாகச் சிவப்பு கசிந்திருந்தது. "எரியுதுக்கா," என்றாள், குறை சொல்வதுபோல இல்லாமல், மணி என்ன என்று சொல்வதுபோல.

சுகிர்தா உருண்டைமேல் கையை வைத்தாள். "நேரா வச்சுடட்டுமா? பாலம் வரைக்கும் ரிவர்ஸ்ல போவலாம். நீ மட்டும் கால கீழ வை, மத்தவங்க கால மேல மடக்கிக்கட்டும்."

பின்சீட்டில் எல்லோரும் உடனே காலை மேலே தூக்கி மடக்கிக்கொண்டார்கள், ஷமீமும் கொப்புளக் காலைத் தூக்கிக்கொண்டாள். கிருபா அதைத் திரும்பிப் பார்த்தாள், அவள் முகத்தில் சிரிப்புக்கு ஒன்று குறைவான ஏதோ வந்தது.

"வேணாம், எறக்குங்க," என்றாள். "அந்தாளு மொதல்ல வாயத் தொறந்து சொல்லட்டும். அப்புறம் எல்லாரும் ஒண்ணா ஆறிக்கலாம்."

சுகிர்தா முதல் கியரைப் போட்டாள். உருண்டை அவள் உள்ளங்கையில் லொடலொடவென்று ஆடியது, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்ப வேண்டியிராமல் முன்னாலேயே பார்த்தபடி, அவள் கேட்டைத் தாண்டி ஓட்டினாள்.